ஏழு நிமிஷம் தூங்கிய பெட்டி

கிளெண்டாவின் விரல்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் பெரிய பெரிய பாத்திரங்களைத் தூக்கியதில் கணுவெல்லாம் புளியங்கொட்டை மாதிரி புடைத்துவிட்டது. மற்ற வேலைகளை எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். புறாப் பந்தயத்தில்தான் ஒப்பேற்ற முடியவில்லை.

தூரத்து ஊரில் அவிழ்த்துவிட்ட புறா பறந்து வந்து வீட்டுக் கூண்டில் இறங்கினால் மட்டும் பந்தயத்தில் போதாது. அதைப் பிடித்து, காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, ஒரு சின்னப் பித்தளைக் குப்பிக்குள் போட்டு, குப்பியைக் கடிகாரப் பெட்டியின் ஓட்டையில் தள்ளிச் சாவியைத் திருக வேண்டும். திருகிய நொடிதான் புறா வந்த நேரம். நாலு வீடு தள்ளியிருக்கும் வில்ஃப் இதை இருபது நொடியில் முடித்துவிட்டு டீயைக் கையில் எடுத்துவிடுவான். கிளெண்டாவுக்கு இரண்டரை நிமிஷம் ஆகும். போன வருஷம் முழுக்க அவளுடைய புறாக்கள் முதலில் வந்தும் அவள் கடைசியில்தான் நின்றாள். இந்த வருஷமும் இப்படியே போனால் புறாக்களை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பதினெட்டுப் புறாக்கள். ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு.

பணக்காரச் சங்கங்களில் ரப்பர் வளையம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. புறாவின் காலில் சில்லு வைத்த வளையம், கூண்டு வாசலில் ஒரு தகடு. புறா தகட்டில் கால் வைத்ததும் நேரம் தானாகப் பதிந்துகொள்ளும். ஆனால் அந்தக் கருவி ஆயிரம் பவுண்டுக்கு மேல். அவர்களுடையது நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன வட இங்கிலாந்து ஊர், பார்ன்ஸ்லியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சங்கத்தில் மிச்சம் இருந்ததே ஏழு பேர். அவர்களில் ஒருவரும் அதை வாங்கப்போவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் சனிக்கிழமை கூடும் கம்ப்யூட்டர் ஆர்வலர் கூட்டத்துக்கு அவள் போக ஆரம்பித்தாள். சீட்டுக்கட்டு அகலத்தில் ஒரு பச்சைப் போர்டு. அதுதான் முழுக் கம்ப்யூட்டர் என்றார்கள். விசிறி கிடையாது, சத்தம் கிடையாது, குழந்தை அறையில் போடும் ராத்திரி விளக்கு அளவுக்குக்கூட மின்சாரம் தின்னாது. ஒருவர் அதை வைத்துத் தோட்டத்து மழையை அளந்தார். இன்னொருவர் முள்ளெலி வந்துபோவதைப் படம் எடுத்தார். கிளெண்டாவுக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். விலை குறைவு என்பதால் தொடப் பயமில்லை. முதல் போர்டில் ஒயரை மாற்றிச் செருகிப் புகைய விட்டாள். ஒரு மாதம் மீன் வறுவல் கடைப் பக்கம் போகாமல் இருந்து இன்னொன்று வாங்கினாள். பெரிய மடிக்கணினி என்றால் அதற்குப் பிறகு அதைத் தொட்டே இருக்க மாட்டாள்.

நான்கு மாதம் உட்கார்ந்து, பத்து தடவை அழித்து எழுதி, புறா கால் வைத்தால் நேரம் குறிக்கும் பெட்டியைச் செய்து முடித்தாள். மெமரி கார்டு ஒரு தடவை செத்தது. அதையும் சரிசெய்தாள். பெட்டி என்பது காலி பிஸ்கட் டப்பாதான்.

சங்கத்தில் அதை மேஜையில் வைத்ததும் எல்லோரும் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"பிஸ்கட் எங்க?" என்றான் வில்ஃப்.

செயலாளர் ஹெட்லிக்கு எழுபத்தாறு வயது. விதிப் புத்தகம் அவர் கோட்டுப் பையில் பத்திரமாக இருக்கும், மூக்குக் கண்ணாடி எங்கே என்றுதான் தேட வேண்டியிருக்கும். அவர் நிறையக் கேள்வி கேட்டார். இது இன்டர்நெட்டோடு பேசுமா என்றார். பேசும், அப்படித்தான் சரியான நேரத்தைத் தெரிந்துகொள்ளும் என்றாள். அப்படியானால் வெளியிலிருந்து யாராவது உள்ளே புகுந்து நேரத்தை மாற்றலாமே என்றார். அது நடக்காது என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இந்தப் பருவத்துக்கு அனுமதித்தார்கள். பெட்டி யாரோடும் பேசக் கூடாது. மற்றக் கடிகாரங்களைப் போலவே வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சங்கத்தின் தாய்க் கடிகாரத்தோடு ஒத்துவைத்துவிட வேண்டும். மறுநாள் மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து எவ்வளவு முந்தியிருக்கிறது, பிந்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கிளெண்டா ஒப்புக்கொண்டாள். இன்டர்நெட்டைத் துண்டித்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் பெட்டி அணையாமல் இருக்க ஒரு பவர் பேங்க் மாட்டினாள். வீட்டில் சுவர் பிளக்கில் செருகியதும் பவர் பேங்கைக் கழற்றிச் சார்ஜ் போட எடுத்துக்கொண்டு போவாள், மறுநாள் சங்கத்துக்குக் கிளம்பும்போது மறுபடி மாட்டுவாள். அந்தப் போர்டில் கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற பித்தான் பேட்டரி கிடையாது. தனியாக வாங்கி வைக்கலாம். ஒரு கோப்பை பீர் விலைதான். சுவரிலிருந்து மின்சாரம் வருகிறதே, எதற்கு வீண் செலவு என்று விட்டுவிட்டாள்.

முதல் இரண்டு பந்தயத்தில் பெட்டி ஒரு நொடிகூடப் பிசகவில்லை. அவளுக்கு நாலாம் இடம், பிறகு மூன்றாம் இடம். புறா விற்கும் பேச்சை அவள் எடுக்கவில்லை.

மூன்றாவது பந்தயம் தெற்கே கடற்கரை ஊரான வேமவுத்திலிருந்து. காலை ஏழு மணிக்குப் புறாக்களை அவிழ்த்துவிட்டார்கள். வானம் சுத்தமாக இருந்தது. முத்து என்ற பெயர் கொண்ட அவளுடைய சாம்பல் நிறப் பெட்டைப்புறா கூரையில் நிற்காமல் நேரே வாசலுக்குள் இறங்கியது. தகடு கீச்சென்றது. பெட்டியில் பதினொன்று ஐம்பத்து மூன்று. அவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். வளையம் கழற்ற வேண்டியதில்லை என்பது அப்போதும் அவளுக்குப் புதிதாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்குச் சங்கத்தின் பின் அறையில் கடிகாரங்களை வரிசையாக வைத்தார்கள். ஹெட்லி தாய்க் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். வில்ஃபின் கடிகாரம் நாலு நொடி முந்தி. இன்னொருவருடையது பதினொரு நொடி பிந்தி. கிளெண்டாவின் பெட்டி ஏழு நிமிஷம் பிந்தி.

அறையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிகாரம் என்றால் பிந்தத்தான் செய்யும். அதற்கு விதி இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் போனால்தான் தள்ளுபடி. அதற்குள் இருந்தால், வெள்ளி மாலையிலிருந்து சனி பிற்பகல் வரைக்குமான இருபத்தொரு மணி நேரத்துக்கும் அந்தப் பிந்தலைச் சமமாகப் பரப்புவார்கள். புறா வந்தது பதினெட்டாவது மணி. அதுவரைக்கும் ஆறு நிமிஷம் பிந்தியிருக்கும் என்று கணக்கு. ஆக முத்து வந்த நேரம் பதினொன்று ஐம்பத்தொன்பது. ஹெட்லி தாளில் எழுதி, அவரவர் கூண்டின் தூரத்தைப் பறந்த நேரத்தால் வகுத்து, நிமிஷத்துக்கு எத்தனை கெஜம் என்று போட்டார். முதல் இடம் கிளெண்டா. வில்ஃபுக்கு இருபது நொடி முன்னால்.

வில்ஃப் முனகிக்கொண்டே கை நீட்டினான். "பிஸ்கட் டப்பாகிட்ட தோத்தேன்னு வீட்ல சொல்ல முடியாது. நீதான் தோக்கடிச்சேன்னு சொல்லிக்கிறேன்."

கிளெண்டா கையைக் கொடுத்தாள். ஆனால் அவள் கண் பெட்டியின் சின்னத் திரைமேல் இருந்தது. கடைசியாக உயிர் வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒரு வரி அதில் ஓடும். இருபத்தொரு மணி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறே முக்கால் மணி என்று இருந்தது.

அவள் எழுந்து நடைவழிக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள். புருஷன் டிரெவர் எடுத்தான்.

"காலைல கூண்டு ஷெட்ல சுவிட்ச நிறுத்துனியா?"

"இல்லையே. வேலி வெட்டுற மிஷினப் புடுங்கும்போது, வழக்கம்போல சுவர்ல எல்லாத்தையும் நிறுத்திட்டேன். உடனே ஞாபகம் வந்துச்சும்மா. ஓடிப்போய்ப் போட்டுட்டேன்."

"உடனேன்னா எவ்வளவு நேரம்?"

"வெட்டிப் போட்ட இலையெல்லாம் கூட்டி அள்ளுன உடனே."

டிரெவர் அப்படித்தான். வெளியே எடுத்த பிளக்குக்குச் சுவிட்சு, எடுக்காத பிளக்குக்குச் சுவிட்சு, தூங்கப் போகும் முன் ஒரு சுற்று, காலையில் ஒரு சுற்று. அந்த ஊரில் பாதி ஆண்கள் இப்படித்தான். வீடு தீப்பிடிக்காமல் இருப்பது தங்களால்தான் என்று நினைப்பு.

கிளெண்டா நடைவழியிலேயே நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்கு மட்டும்தான் புரியும். சாவி கொடுக்கும் கடிகாரம் களைத்துப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தும். அவளுடைய பெட்டி அப்படியில்லை. மின்சாரம் இருக்கும்வரை மயிரிழை பிசகாது. போனால் அந்த நொடியிலேயே செத்துவிடும். திரும்ப வந்தால் செத்த நேரத்திலிருந்தே எழுந்து எண்ணத் தொடங்கும். நடுவில் போன நேரம் அதற்குத் தெரியவே தெரியாது. அந்த ஏழு நிமிஷமும் புறா வருவதற்கு முன்பே போய்விட்டது. முத்து வந்தது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு. வில்ஃபுக்கு நாற்பது நொடி பின்னால்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் பெட்டி போய்விடும். பெட்டி போனால் விரல்கள்தான் மிச்சம்.

பின் அறைக்குத் திரும்பினாள். ஹெட்லி புத்தகத்தில் மையால் எழுத ஆரம்பித்திருந்தார்.

"எழுதாதீங்க ஹெட்லி. ஆறு நிமிஷமில்ல, முழுசா ஏழு சேத்துப் போடுங்க. காலைல எங்க வீட்டுக்காரரு சுவிட்ச நிறுத்திட்டாரு. அந்த ஏழு நிமிஷமும் பெட்டி ஓடவே இல்ல."

ஹெட்லி கண்ணாடியைக் கழற்றினார். விதி பரப்பச் சொல்கிறது, பரப்பிவிட்டேன், விதிப்படி அவள்தான் முதல் என்றார். விதி கடிகாரத்துக்கு எழுதினது, இது கடிகாரம் இல்லை என்று அவள் சொன்னாள். பிறகு டப்பாவைத் திறந்து, போர்டில் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லாததை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"அப்போ இது நின்னு போனா, நின்னு போனேன்னு சொல்லாதா?" என்று ஒருவர் கேட்டார்.

"கேட்டா சொல்லும். எப்படிக் கேக்கணும்னு தெரிஞ்சவங்க கேக்கணும்."

அந்தப் பதில்தான் பெட்டியை முடித்துவிட்டது. சொன்ன பிறகு அவளுக்கே அது புரிந்தது. ஹெட்லி ஓட்டெடுப்பு வைத்தார். கிளெண்டா ஓட்டுப் போடக் கூடாது. வில்ஃப் தனக்கு லாபம் இருப்பதால் கை தூக்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டான். மிச்சம் ஐந்து பேர். மூன்றுக்கு இரண்டு என்று பெட்டி தள்ளுபடியானது. பேட்டரி வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி ஏதாவது எச்சரிக்கை வைத்து, அடுத்த மார்ச்சில் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று புத்தகத்தில் எழுதினார்கள். முத்துவுக்கு இரண்டாம் இடம்.

வண்டி நிறுத்துமிடத்தில் வில்ஃப் அவளோடு நடந்தான்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? எங்கள்ல ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆமா. அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அது என்ன சொன்னாலும் நீங்க நம்பியிருப்பீங்க," என்றாள். "நான்தான் நம்பியிருக்க மாட்டேன்."

டிரெவர் அன்று முழுக்கச் சமையலறையிலேயே இருந்தான். அவள் திட்டவில்லை. ஷெட் சுவிட்சின் மேல் சிவப்பு நாடா ஒட்டினாள், பேட்டரிக்கு ஆர்டர் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்தின் உபரிக் கடிகாரம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டாள். முத்துதான் இந்தத் தடவையும் அவளுடைய முதல் புறா. அவள் அதைப் பிடித்து மடியில் வைத்து, ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினாள். வழுக்கியது. பல்லால் இழுத்தாள். குப்பி கீழே விழுந்து தவிட்டுக்குள் உருண்டது. சாவியைத் திருகும்போது நேரம் பன்னிரண்டு பதினொன்று. ஏழு பேரில் ஆறாவது.

வாசல் தகடு கழற்றப்படவில்லை. பேட்டரி போட்ட பெட்டி அதே டப்பாவில் ஓடிக்கொண்டிருந்தது. சங்கத்துக்கு அது கணக்கில்லை. திரையில் பன்னிரண்டு எட்டு என்று இருந்தது. கிளெண்டா ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தில் கடிகார நேரத்தையும் பக்கத்தில் பெட்டி நேரத்தையும் எழுதினாள். மார்ச்சுக்குள் இன்னும் நாலு பந்தயம் இருந்தது. கோடு போட்டு, கீழே நாலு வரிக்கு இடம் விட்டாள்.