சேருமிடம் முதல் வரியில்

மனைவியின் குரலுக்கு மூவாயிரத்து எண்ணூறு என்று விலை படிந்தது. கடைக்காரர் நாலாயிரத்து முந்நூறில் ஆரம்பித்தார். பட்டன் வியாபாரி இரண்டு தடவை படியிறங்கி, இரண்டு தடவையும் கூப்பிடப்பட்டுத் திரும்பி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு புது ஹார்ட் டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதில் வைக்க வேண்டிய குரல் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, மனைவி தினமும் குடோனில் ஜிப் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து (பட்டன் மூட்டைப் பக்கம் மூச்சு விட்டாலே சலசலக்கும்) ஒவ்வொரு வாக்கியமாகப் பேசிப் பதிவு செய்தாள். பதிவுகளைக் கொடுத்தால், அவள் எழுதுவதை அவள் குரலிலேயே பேசும் மெஷின் செய்து தருவோம், ஆனால் முந்நூறு வாக்கியத்துக்குக் குறைந்தால் முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் ஐநூறு பேசினாள். கடைக் கணக்கு பார்ப்பவள். எதிலும் கொஞ்சம் கூட வைத்துக்கொள்வது அவள் வழக்கம். இப்போது ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் கட்டோடு உள்ளறையில் படுத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்னது மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். காசு கேட்காத ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை மாமாவுக்கு ஏற்றிக் கொடுத்தவனும் அவனே. கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னலில் என்ன அடிக்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தான்: ஆர்சிங்க் என்ற நகல் கட்டளை, டெலிட், பிறகு இரண்டு இடத்தின் பெயர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும். “முதல்ல ‘என்’ போட்டு வெள்ளோட்டம் விடுங்க மாமா. என்ன செய்யப் போகுதுன்னு சொல்லும், செய்யாது.”

சாம்பிள் பார்க்காமல் பன்னிரண்டு டஜன் கொண்ட ஒரு குரோஸ் பட்டன்கூட வாங்காத மனிதர், அன்றைக்குப் பார்த்து வெள்ளோட்டத்தை விட்டுவிட்டார். எழுத்துகள் மளமளவென்று ஓடின. சரக்கு இறங்குகிறது என்று திருப்தியாகத் தண்ணீர் குடித்தார்.

பிறகு டிஸ்கைத் திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மச்சானைக் கூப்பிட்டார்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆயிடுச்சு.”

“அதானே வேணும், மாமா.”

“ரெண்டும் காலி.”

“அடிச்சதை அப்படியே படிங்க.”

படித்தார்.

“புது டிஸ்கை முன்னாடி போட்டுட்டீங்க. காலி டப்பாவைப் பார்த்து, அதே மாதிரி இதையும் ஆக்குன்னு சொல்லியிருக்கீங்க. ஆக்கிடுச்சு.”

“சேர்ற எடத்தைத்தானே முதல்ல எழுதணும்? லாரி ரசீது அப்படித்தான எழுதறேன் இத்தனை வருஷமா?”

“இது லாரி இல்ல மாமா. எங்கேர்ந்துன்னுதான் முதல்ல கேக்கும். பிளக்கைப் பிடுங்குங்க. எதையும் தொடாதீங்க.”

வரும்போது தன் மெஷினையும் எடுத்து வந்தான். அழித்தது என்றால் சீட்டைக் கிழித்தது மாதிரிதான், சரக்கு குடோனிலேயே கிடக்கும், அதன் மேல் வேறு சரக்கு இறக்காத வரைக்கும் என்றான். வியாபாரிக்கு உயிர் திரும்பியது. மச்சான் கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுத்தான். தேடுவதை நகலில் தேட வேண்டும், அசலில் கை வைக்கக் கூடாதாம். நகலைப் பார்த்தவன் முகம் மாறியது.

“எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி ஏதாவது டவுன்லோடு பண்ணீங்களா?”

“போன ஃபைலை மீட்டுத் தருதாம். இலவசம்னு போட்டிருந்துச்சு.”

“எங்க இறக்குனீங்க?”

வியாபாரி கம்ப்யூட்டரைக் காட்டினார். அதே சரக்கின் மேல்தான் இறக்கியிருந்தார்.

உள்ளறை வாசல்படியில் மனைவி நின்றிருந்தாள். “ஒண்ணுமில்லக்கா, சின்ன வேலை,” என்றான் தம்பி. அவள் அவனைப் பார்க்கவில்லை. சரக்கு லாரி வெள்ளத்தில் போன அன்று புருஷன் முகம் இருந்த விதம் அவளுக்குத் தெரியும். போனில் தட்டிக் காட்டினாள்: எவ்வளவு போச்சு?

சாயங்காலம் வரை பதிவுகள் ஒன்றொன்றாகத் திரும்பி வந்தன. பெயரில்லாமல், வெறும் நம்பரோடு. முதலில் வந்ததை அழுத்தினான். “கதவைச் சாத்திவிட்டு உள்ளே வாருங்கள்,” என்றது அவள் குரல். வியாபாரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது பாதி வாக்கியத்தில் இரைச்சலாகிப் போனது. அதற்கடுத்தது முழுக்க இரைச்சல். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, நல்லதுக்கு ஒரு கோடு, கெட்டதுக்கு ஒரு கோடு என்று காகிதத்தில் போட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசிக் கோடு விழுந்ததும் வியாபாரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

“கொஞ்சம்தாம்மா கொறையுது. பார்த்துப் பண்ணுங்க.”

“முந்நூறு இருந்தாத்தாங்க மெஷின் கத்துக்கும்.”

“போன்ல அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இருக்கு. அதைச் சேர்த்துக்கிட்டா?”

“தெருச் சத்தம், மிக்சி சத்தம் எல்லாம் இருக்குமே. சுத்தமாப் பேசினதுதான் வேணும்.”

“பணம் எவ்வளவானாலும்…”

“பணத்துக்கு இல்லைங்க. இதுல பேரம் பேச முடியாது.”

பேரம் முடிந்துபோன ஒரு கடையின் வாசலில் அவர் நிற்பது இதுதான் முதல் தடவை. படியிறங்கினால் திரும்பக் கூப்பிட ஆளில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “இன்னொரு தடவை தேடேன்,” என்றார் மச்சானிடம். மூன்றாம் தடவையாகத் தேடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை, தேடினான். எதுவும் வரவில்லை.

அவள் கோடுகளை மறுபடி எண்ணினாள். காகிதத்தின் அடியில் எழுதி, புருஷன் பக்கம் நகர்த்தினாள்.

பேசியது: 500.
திரும்பியது: 281.
வேண்டியது: 300.
நிலுவை: 19. உங்கள் பேரில்.