கௌசர் வாசிக்காமல் விட்ட காகிதம்

ராயபுரத்தில், ஹார்பருக்கு வரும் சரக்கை வெளியே எடுத்துத் தரும் கஸ்பாரின் கிளியரிங் ஆபீசிலிருந்து எந்தக் காகிதமும் கௌசர் வாய்விட்டு வாசிக்காமல் கஸ்டம்ஸுக்குப் போகாது. பதினோரு வருஷப் பழக்கம். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து உரக்க வாசிப்பாள். எதிரே பிராங்கிளின், சரக்கோடு வந்த அசல் காகிதத்தில் விரலை வைத்துக்கொண்டு வரிக்கு வரி "ஊம்" கொட்டுவான். களைத்த கண் இருப்பதை விட்டுவிட்டு இருக்க வேண்டியதைப் படித்துவிடும், வாய்க்கு அந்தக் கள்ளத்தனம் வராது என்பது கஸ்பாரின் எண்ணம். வாசித்து முடித்தவள் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கையெழுத்துதான் கௌசர் வீட்டுச் சோறு. புருஷன் கமால் ஹார்பரில் மூட்டை சரிந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு குடும்பம் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. படிப்பு கார்ப்பரேஷன் பள்ளியில் பன்னிரண்டாவது. அதற்கு மேல் படித்த இங்கிலீஷெல்லாம் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததுதான்.

அன்று வந்தது கம்ப்யூட்டர் சாமான். புதிதாகச் சேர்ந்த ஷிஜி டைப் அடித்து வைத்திருந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், இங்கிலீஷ் மீடியம், வந்து மூன்று வாரம்.

"மவுஸஸ் நானூறு பொட்டி, கீபோர்டு எரநூறு" என்று, திரையில் வெறும் 'மவுஸ்' என்றிருந்ததை நானூறுக்கு ஏற்ப நீட்டி, கௌசர் ஆரம்பித்தாள்.

ஷிஜிக்குச் சிரிப்பு வெடித்தது. "அய்யோ அக்கா, மவுஸஸ் இல்ல. மைஸ்."

"மைஸா? அது இன்னாது?"

"ஒண்ணுன்னா மவுஸ், நெறைய இருந்தா மைஸ். மூணாங்கிளாஸ்ல படிக்கிறது."

பிராங்கிளினும் சேர்ந்துகொண்டான். "தோ பார்றா! பதினோரு வருசமா அக்கா எலிய தப்பா எண்ணிக்கினு கீது."

கௌசரும் சிரித்தாள். ஆனால் காது சுட்டது. மூணாங்கிளாஸ் என்ற சொல்தான் குத்தியது. மீதியில் எந்தச் சொல் எங்கே காலை வாருமோ என்று பயமாக இருந்தது. உதட்டை மூடிக்கொண்டு கண்ணை மட்டும் ஓட்டினாள்.

"இன்னாக்கா, சத்தமே காணோம்?" என்றான் பிராங்கிளின்.

"எல்லாம் கரீட்டா கீது. எட்த்துனு போ." கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் கல்மண்டபம் வழியாக வீட்டுக்கு நடக்கும்போதும் அதே நினைப்புதான். எலிக்கு வைத்த பேர் அது. வாலோடு மேசைமேல் கிடந்ததால் இந்தச் சாமானுக்கும் வந்திருக்கும். வரட்டும். ஆனால் இடம் மாறி வந்த பிறகும், நாலு சேர்ந்தால் எலி வீட்டு முறைப்படிதான் மாற வேண்டுமா? அவள் தண்டையார்பேட்டையில் பிறந்து ராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். வந்த வீட்டில் வந்த வீட்டு முறைக்குத்தானே நடந்தாள்? நம்ம பேச்சில் இந்த வம்பே இல்லை. எலிங்க, பொட்டிங்க, மவுஸுங்க, தீர்ந்தது. இதை ஷிஜியிடம் கேட்கலாம்தான். கேட்டால் மறுபடி சிரிப்பாள்.

மூன்றாம் நாள் மணலி கன்டெய்னர் யார்டிலிருந்து போன். காகிதத்தில் இருக்கும் கன்டெய்னர் நம்பர் வேறு எவனுடையதோ. அசலில் கடைசி இரண்டு எண் நாற்பத்தேழு என்றிருந்தது இங்கே எழுபத்துநாலாகிவிட்டது. திருத்தம் போட்டு, கஸ்டம்ஸ் ஒப்புக்கொள்ளும்வரை சரக்கு வெளியே வராது. சரக்குக்காரன் வேறு ஆபீசைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டு போனை வைத்தான்.

கஸ்பார் காகிதத்தோடு வெளியே வந்தார். "வாசிச்சது யாரு?"

கீழே கௌசரின் கையெழுத்து. ஷிஜியின் முகம் வெளுத்துவிட்டது. பிராங்கிளின் கௌசரின் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தான்: "நம்பர மாத்தி அடிச்சது அந்தப் பொண்ணு. அத்த சொல்லுக்கா. நீ ஏன் பேஜாராவுற?"

சொல்லலாம். பொய்யும் இல்லை. மூன்று வாரப் பெண்ணை அனுப்பிவிடுவார், அதோடு முடியும்.

"நான்தான் சார். ஆனா வாசிக்கல. கண்ணால பாத்துட்டு கையெழுத்து போட்டுட்டேன்."

"ஏன்?"

"வெக்கமா இர்ந்துச்சு சார். என் இங்கிலீசக் கேட்டு சிரிச்சாங்க."

கஸ்பார் அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "உன் இங்கிலீசு நல்லா கீதுன்னா உன்ன வாசிக்க வெச்சேன்? ஒரு எழுத்து உடாம சத்தமா சொல்லுவன்னு வெச்சேன். அந்த ஒண்ணத்தான் உட்டுட்ட." காகிதத்தை மேசையில் போட்டார். "இனிமே மூணு மாசம் கையெழுத்த பிராங்கிளின் போடட்டும். நீ டைப் அடி."

சம்பளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. டைப் அடிப்பவளுக்கு என்ன சம்பளம் என்று கௌசருக்குத் தெரியும்.

கொஞ்சம் கழித்து ஷிஜி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து செல்போனை நீட்டினாள். கண் சிவந்திருந்தது. "அக்கா, இப்பதான் பாத்தேன். கம்ப்யூட்டர் மவுஸுக்கு ரெண்டும் சொல்லலாமாம். மைஸும் சரி, மவுஸஸும் சரி."

"இத்த அன்னிக்கே பாத்துர்க்கலாமே, சிரிக்கறதுக்கு முன்ன?"

"தோணலக்கா. எங்க மிஸ் பெரம்பால அடிச்சு மனப்பாடம் பண்ண வச்சாங்க. அடி வாங்கிப் படிச்சத யாராவது திரும்பப் போய் சரியான்னு பாப்பாங்களா?"

கௌசர் செல்போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுபடி போன் அடித்தது. சரக்குக்காரன்தான். ஷிஜி எடுக்கப் போய்ப் பின்வாங்கினாள். கௌசர் எடுத்தாள். டைப் அடித்த அந்தப் புதுப் பெண்ணைக் கூப்பிடு என்று கத்தினான்.

"கௌசர் பேசறேன் சார். சார், புதுப் பொண்ண ஏன் இழுக்கறீங்க? தப்பு என்னுது. திட்றதுன்னா என்னத் திட்டுங்க."

திட்டினான். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, திருத்தக் கடிதத்தை டைப் அடிக்கத் தொடங்கினாள்.