கொலன்னாவைக் கான்

எழுபத்தைந்து வயதுவரை நான் ஒரு வீரனாகவே வாழ்ந்தேன். அதற்கு எனக்கு இருந்த தகுதி ஒரு வாயும் இரண்டு பதக்கங்களும்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டில், வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் எனக்குக் கிடைத்த வேலை கொழும்புக்குப் பக்கத்தில் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைக் காவல் காப்பது. ஈஸ்டர் ஞாயிறு காலை யப்பான்காரனின் விமானங்கள் வந்தன. நான் பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் பாய்ந்தேன். சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்துத்தான் தலையை நீட்டினேன். யுத்தம் முடிந்ததும் மற்றவர்களோடு சேர்த்து எனக்கும் பதக்கம் தந்தார்கள். உயிரோடு இருந்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்திருக்கவில்லை.

அந்தப் பதக்கங்களைப் பார்த்துத்தான் மாமனார் இரத்தினம்மாவை எனக்குத் தந்தார். பெண் பார்க்கப் போன அன்றே கானைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க விமானங்களும் பெருகின. கடைசி மகன் யோகநாதன் சோறு தின்ன அடம்பிடித்த காலத்தில் ஒரு விமானத்தைத் துவக்கால் சுட்டு விழுத்தியும் இருந்தேன். யுத்தத்துக்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வே கந்தோரில் குனிந்த தலை நிமிராமல் எழுதியதைப் பற்றி யாரும் கதை கேட்கவில்லை.

"வீட்டிலே புலி, வெளியிலே எலி" என்று இரத்தினம்மா என்னைச் சொல்வாள். பிந்திய வருடங்களில் நாங்கள் இருந்த கொழும்பு வெள்ளவத்தையில் அந்தப் பழமொழியின் முதற்பாதியைச் சத்தமாகச் சொல்ல முடியாமல் போனது. ஆகவே எலி மட்டும் மிஞ்சியது.

தொண்ணூற்றைந்தில் அதே தாங்கிகள் எரிந்தன. இந்தமுறை யப்பான்காரன் இல்லை, அந்தப் பழமொழியின் முதற்பாதிக்காரர். அந்தக் கிழமையே பொலிஸ்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, தமிழ்ப் பொடியன் என்று யோகநாதனை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படிப் போன சிலர் திரும்பி வரவேயில்லை.

"நீங்கள் ஆமியில இருந்தனீங்கள்தானே? அந்த மெடலைக் குத்திக்கொண்டு போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள் இரத்தினம்மா. அவள் அழவில்லை. என்னை முழுதாக நம்பினாள். பெட்டியைத் திறந்து பதக்கங்களை எடுத்துக் குத்திக்கொண்டேன்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மரியாதையான ஆள். சுவரோர மர வாங்கில் யோகநாதன் உட்கார்ந்திருந்தான். "சீயா, எந்த யுத்தத்தில் வாங்கினது?" என்று தாத்தா முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

என் வாய் சும்மா கிடக்குமா. "கொலன்னாவை, மாத்தயா. எந்தத் தாங்கி எங்கே நிற்குது, எந்தப் பக்கத்தால உள்ளே போகலாம், எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றான். யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டான். நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் பெற்ற பிள்ளையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "கீறிக் காட்டுங்கோ."

எனக்குத் தெரிந்ததைக் கீறினேன். இரண்டு கோடு.

"இதென்ன?"

"கான், மாத்தயா. குண்டு போட்ட நேரம் நான் இதுக்குள்ளதான் கிடந்தனான். தாங்கி ஒண்டையும் நிமிர்ந்து பார்க்கேல்லை. போட்டிருந்த களிசானும் நனைஞ்சு போச்சு. அது கான் தண்ணியெண்டு கூட நிண்ட ஆமிக்காரருக்குச் சொன்னனான்."

முதலில் கொன்ஸ்டபிள்தான் சிரித்தான். பிறகு இன்ஸ்பெக்டர். அடுத்த அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சிரிக்கிற மனிதன் என் பிள்ளையை விட்டுவிடுவான் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. எப்படிக் கிடந்தாய், காட்டு என்றார்கள். சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்து, தலையில் கையை வைத்துக் காட்டினேன். பதக்கங்கள் தரையில் உரசின. யோகநாதன் இப்போது கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னேரம் இருவரையும் விட்டார்கள். வீட்டுக்குப் போகும் பெருந்தெருவில் அவன் முன்னால் நடந்தான். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கான் கதையை அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, தம்பி" என்றேன்.

அவன் நின்று, என் சேட்டில் ஒட்டியிருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டான்.

கதவைத் திறந்த இரத்தினம்மா மகனைக் கட்டிக்கொண்டாள். "என்னெண்டு விட்டவங்கள்?" என்று கேட்டாள்.

"அப்பா சண்டை பிடிச்சு எடுத்தவர், அம்மா" என்றான் யோகநாதன்.

அவள் என் பக்கம் திரும்பினாள், மிச்சக் கதையைக் கேட்க. வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.