தறி நின்ற தெரு

"தறியை நிறுத்துங்கப்பா."

சொல்லியேவிட்டாள் எழிலரசி. அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாத பேச்சு அது. கரண்ட் போய்த் தறி நின்றால் யார் பொறுப்பும் இல்லை. நூல் அறுந்து ஒரு தறி நின்றால் அதுவும் பரவாயில்லை. வீட்டு மனுஷர் கை வைத்து மெயின் சுவிட்சை இறக்கினால் மட்டும், உள்ளே பிணம் கிடக்கிறது என்று அர்த்தம். அவள் நடை பழகிய நாளிலிருந்து குடியாத்தத்தில் அந்தத் தெரு பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட் என்று லுங்கித் தறி ஓட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னா?" என்றார் அருணகிரி. மகளின் வாயைப் பார்த்தார், காதால் கேட்கவில்லை.

அவள் கிட்டே போய்க் கத்தினாள். "தறியை நிறுத்துங்க."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? போ, ஆம்பூர் பஸ்ஸு போய்டப் போகுது."

"லீவு போட்டுட்டேன். இந்தச் சுவரைப் பாருங்க."

பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். மண் வைத்துக் கட்டியது. போன மழையில் கௌண்டன்யா ஆறு தெருவுக்குள் ஏறி, தறிக்கால் முங்க நின்றுவிட்டுத்தான் வடிந்தது. அன்றைக்கு ஊறிய சுவரின் அடி இன்னும் காயவில்லை. சுவர் தாங்கிக்கொண்டிருந்தது கல் பலகைக் கூரையை. மேலிருந்து கீழே ஒரு விரிசல். விரிசலை ஒட்டி, உத்தரத்துக் கொக்கியில் அண்ணன் குழந்தையின் தூளி. அங்கேதான் கட்டுவார்கள். தறியின் அதிர்வே தூளியை ஆட்டிவிடும், ஆள் வேண்டாம்.

விரிசல் வளர்ந்தால் தெரியட்டும் என்று அதன் மேல் லுங்கி லேபிள் ஒன்றைக் கஞ்சி தடவிக் குறுக்கே ஒட்டியிருந்தாள். காலையில் எழுந்து பார்த்தால் அது நடுவில் கிழிந்து கிடந்தது.

"தறி அதிர்ச்சில கிழிஞ்சிருக்கும்."

"ஒரு வாரமா ஒட்டியிருந்துச்சு. ஒரு வாரமா தறி ஓடலையா?"

"டிகிரி வாங்கினதும் பூமி உன்கிட்ட வந்து பேசுதா?" அருணகிரி சிரித்தார். "ஆறே வீட்டுக்குள்ள வந்துச்சு. அதையே பார்த்தாச்சு. இதுக்குப் போயி பேஜார் பண்றியே."

அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு ஆகாது. படிக்க வைத்தார், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். படித்தவள் வாயைத் திறந்தால் மட்டும் சிரிப்பு.

போன வாரம் ஆம்பூரில், வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் அவள் பார்த்தாள். அலமாரியில் அடுக்கியிருந்த, ஷூ தைக்கும் கால் அச்சுகள் ஒன்றோடொன்று மோதின. தரைக்கு அடியில் யாரோ ஒரு லாரி கல்லைக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்து மேஜை புஷ்ரா அவள் கையைப் பிடித்தவள், எல்லாரும் மைதானத்தில் போய் நின்ற பிறகும் விடவில்லை. நில அதிர்வு என்று செய்தியில் சொன்னார்கள். சுற்றுப்பட்ட கிராமங்களில் ஜனங்கள் வாசலிலேயே அடுப்பு மூட்டினார்கள். வீட்டுக்குப் போன் போட்டால் அண்ணி சொன்னாள்: "எங்க? இங்க ஒண்ணும் இல்லியே."

அன்று சாயங்காலம்தான் எழிலரசி விரிசலில் லேபிளை ஒட்டினாள். பூமி ஆடியதைவிட, அதன் மேலேயே நின்றுகொண்டு ஒரு தெரு முழுக்கத் தெரியாமல் இருந்ததே, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் வீட்டில் எந்த ஆட்டம் தறியுடையது, எந்த ஆட்டம் மண்ணுடையது?

மேற்கொண்டு பேசவில்லை. போய் மெயினை இறக்கினாள்.

நான்கு தறியும் நின்றன. அருணகிரியின் கை அந்தரத்தில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தனபாக்கியம் அத்தையின் தறிகளும் நின்றன. அதற்கடுத்த வீடு. எதிர்ச்சாரி. ஒரு வீட்டில் சாவு என்றால் மற்ற வீடு கேள்வி கேட்காது, மெயினை இறக்கிவிட்டுத்தான் விசாரிக்க வரும். ஒவ்வொரு வீடாக அணைந்துகொண்டே போய், கோடி வரைக்கும் தெரு ஊமையானது. இதை எழிலரசி யோசிக்கவே இல்லை.

தனபாக்கியம் கூந்தலை முடிந்துகொண்டே ஓடிவந்தாள். "யாருடி? சதீஷா? ரோட்டுல இன்னாவாவது..."

அண்ணன் சதீஷ்குமார் லுங்கிக் கட்டுகளோடு விஜயவாடா போயிருந்தான். அடுப்பங்கரையிலிருந்து அண்ணி தேவிகா ஈரக் கையோடு வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல அண்ணி."

"அப்போ எதுக்குடி தறியை நிறுத்தின, பாவி?" என்றாள் தனபாக்கியம். அவள் பின்னால் வாசல் நிறைய ஆட்கள்.

அப்போது வந்தது.

முதலில் உள்ளங்காலில். பிறகு நின்ற தறிகளில் பாவு நூல் கோத்த விழுதுக் கம்பிகள் தாமாகக் கிணுகிணுத்தன. தண்ணீர்த் தொட்டியில் வட்டம் வட்டமாக. தரைக்கு அடியில் அந்த லாரிக் கல் சத்தம். யாரும் தொடாத தூளி ஆடியது. தினமும் தறியோடு ஆடும் பக்கம் இல்லை, குறுக்காக, சுவரை நோக்கி. விரிசலிலிருந்து மண் சரசரவென்று தூளித் துணியின் மேல் கொட்டியது. குழந்தை அழவில்லை. கண்ணை விழித்து மேலே பார்த்தது.

நின்றுவிட்டது.

வாசலில் ஒருத்தர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. தனபாக்கியம் மெதுவாகக் கேட்டாள்: "இது தெனமும் நடக்குதா?"

"தெரியல அத்தை. நாம எப்போ கேட்டோம்?"

தெருக்கோடியில் ஒரு தறி ஓட ஆரம்பித்தது. அப்புறம் இன்னொன்று. "சாவு இல்லன்னா கிளம்புங்கப்பா, பாவு காத்துக்கினு இருக்குது," என்று யாரோ சொன்னார்கள். பாதிப் பேர் சிரித்தபடி கலைந்தார்கள். ஓட்டமாகவே போனார்கள். அருணகிரியும் எழுந்து மெயின் பக்கம் நடந்தார்.

"இன்னாப்பா பண்றீங்க?"

"சத்தம் இருக்கட்டும்."

"சுவர் விழுந்தா?"

"சத்தம் இருந்தா தெரியாதும்மா," என்றார். சொன்னது தனக்கே கேட்டிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெயினை ஏற்றினார். வீடு பழையபடி குலுங்கியது. விரிசலிலிருந்து மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. சத்தம்தான் கேட்கவில்லை.

எழிலரசி குழந்தையைத் தூக்கினாள். தலையிலிருந்த மண்ணை ஊதிவிட்டாள். ஆம்பூரில் புஷ்ரா வீட்டு மாடியில் ஷீட் போட்ட ரூம் ஒன்று சும்மா கிடக்கிறது. விழுந்தால் தகரம்தான் விழும். கிழிந்த லேபிளைப் பார்த்ததுமே புஷ்ராவுக்குப் போன் போட்டு வருவதாகச் சொல்லிவிட்டாள். அப்பா மெயினை ஏற்றாமல் இருந்திருந்தால்கூட அவள் கிளம்பித்தான் இருப்பாள்.

"நீங்களும் வாங்கப்பா." அவர் காதோரம் கத்தினாள்.

"பாவு பாதியில நிக்குதே." அவர் அவளைப் பார்க்காமல் அறுந்த நூல் ஒன்றைத் தேடினார். எதுவும் அறுந்திருக்கவில்லை.

தேவிகா பால் பாட்டிலையும் துணிகளையும் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். "அவரு வந்து கேட்டா?"

"ஆம்பூருக்கு வரச் சொல்லுங்க அண்ணி. அங்க வந்து கேக்கட்டும்."

தனபாக்கியம் மட்டும் இன்னும் வாசலில் நின்றாள். தன் வீட்டுத் தறியை அவள் இன்னும் ஏற்றவில்லை. தேவிகா பையோடு பின்னால் வர, எழிலரசி குழந்தையின் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு படி இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.