தலை மேலே, நட்டு கீழே

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஷீபாவுக்குக் கையும் பொல்லாதது, வாயும் பொல்லாதது. ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப்பைப் புருஷோத்தமன் அவளிடம்தான் விட்டிருந்தார். பிரித்து மாட்டலாம், ஆனால் எது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும்.

ஸ்டீயரிங் கம்பியைத் தாங்கும் பட்டைக்கு இரண்டு போல்ட்டு. ஷீபா நட்டு மேலே வரும்படி மாட்டினாள். குனிந்தபடியே முடுக்கிவிடலாம், அடியில் படுக்க வேண்டியதில்லை. புருஷோத்தமன் ஜீப்பின் பழைய போட்டோவை நீட்டினார். அதில் போல்ட்டின் தலை மேலே, நட்டு கீழே.

“எப்பிடிப் போட்டா இன்னா சார்? ஜீப்பு ஓடாதா?”

“அப்பிடித்தாம்மா இருந்துது. மாத்திடு.”

பட்டாளத்து ஃபிட்டருக்கு வேறு வேலையே இல்லை போலும் என்று முணுமுணுத்தபடி ஷீபா மல்லாக்கப் படுத்தாள். போல்ட்டுகளைத் திருப்பிப் போட்டு, நட்டுகளைக் கையால் ஏற்றினாள். அதற்குள் டீ வந்தது. குடித்துவிட்டு வேறு வேலையில் இறங்கியவள், ஸ்பேனர் போடவே மறந்துபோனாள்.

சாயங்காலம் அவள் புருஷன் வசந்த்குமார் மாகறல் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, சிரித்த முகமாகத் திரும்பினான்.

“சோக்கா கீது ஷீபா. பாலத்தாண்ட வளைவுல கூட ஆடல.”

ஆயில் கசிகிறதா என்று பார்க்க அவள் டார்ச்சோடு அடியில் நுழைந்தாள். ஒரு நட்டைக் காணோம். இன்னொன்று கடைசி மரையில் தொங்கியது. ஆனால் போல்ட்டுகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. தலை பட்டைமேல் உட்கார்ந்திருந்தது, விழ வழியில்லை. அவள் முதலில் மாட்டியபடி இருந்திருந்தால், நட்டு கழன்றதும் போல்ட்டு நழுவி ரோட்டில் விழுந்து ஸ்டீயரிங் பிடி விட்டிருக்கும், ஒருவேளை அந்தப் பாலத்திலேயே.

டார்ச்சை மெல்ல நகர்த்தினாள். அவள் பிரிக்காத இடங்களிலும், துருவுக்கும் சேற்றுக்கும் நடுவே, ஒவ்வொரு போல்ட்டும் தலை மேலே. யாராவது ஒருநாள் முடுக்க மறப்பார்கள் என்று எப்போதோ, எங்கேயோ ஒருவன் யோசித்திருக்கிறான். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“இன்னா ஷீபா, தூங்கிட்டியா?”

“நட்டு முடுக்க மறந்துட்டேங்க. ஒண்ணு வழியிலயே பூடுச்சி.”

வசந்த்குமார் ஊர்ந்து வந்து அவள் பக்கத்தில் படுத்து, கையை மேலே விட்டுப் போல்ட்டின் தலையைத் தடவிப் பார்த்தான்.

“எவ பெத்த புள்ளையோ,” என்றாள் ஷீபா, “எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.”

அப்படி மாட்டியிருந்த ஆள் இப்போது உயிரோடு இருக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்.