பெரிய அண்ணி பக்கத்தில் சின்ன அண்ணி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவே இல்லை. என் வலைப்பக்கத்தில் இரண்டு படங்களை அக்கம்பக்கமாக வைக்க உட்கார்ந்தேன். ஆளுக்குப் பாதி அகலம், ஐம்பது சதவீதம் என்று சிஎஸ்எஸ்ஸில், அதாவது பக்கத்தில் எது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் மொழியில், எழுதினேன். ஐம்பதும் ஐம்பதும் நூறுதானே? இரண்டாவது படம் தொப்பென்று கீழே போய் விழுந்தது.

காரணம் தெரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். கோடிங்கில் இரண்டு படங்களுக்கும் நடுவே நான் ஒரு என்டர் தட்டியிருந்தேன். அதை பிரவுசர் ஓர் இடைவெளியாக எடுத்துக்கொள்கிறதாம். மயிரிழை அளவு இடைவெளி! அதற்கு இடம் கொடுத்தபின் இரண்டாவது படத்துக்கு வரிசையில் இடம் பத்தவில்லை. அடடா, இது கதை அல்லவா! என் படங்கள் எக்கேடோ கெடட்டும் என்று இங்கே வந்துவிட்டேன்.*

* தலைப்பில் பெரிய அண்ணியை முதலில் போட்டதை வயதுக்குக் கொடுத்த மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன அண்ணியிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: "திரைச்சீலை வழியே வடிந்த வெளிச்சம் அவள் முகத்தில்—"

வேண்டாம். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இரண்டாவது: "வாலு கம்ப்யூட்டர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்."

இது ஓடும். வாலு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். இரண்டு அண்ணன்களுக்குக் கடைக்குட்டித் தங்கை. வெப் டிசைன் படித்து முடித்த கையோடு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, அண்ணிகள் இருவரும் கூட்டாகத் திறக்கப்போகும் திரைச்சீலைக் கடைக்கு ஒரு வலைப்பக்கம். பெரிய அண்ணி துணி அளந்து வெட்டுவாள். சின்ன அண்ணி தைப்பாள். இந்த ஓரகத்திகள் இத்தனை வருஷத்தில் சேர்ந்து செய்யும் முதல் காரியம் இந்தக் கடைதான். (அதற்கு முன் சேர்ந்து செய்ததெல்லாம் ஒருத்தி இருக்கும் அறையிலிருந்து மற்றவள் வெளியேறுவது.)

பக்கத்தின் உச்சியில் இரண்டு படம் வேண்டும். கத்தரியோடு ஒருத்தி, தையல் மெஷினோடு ஒருத்தி. வாலு ஆளுக்கு ஐம்பது போட்டாள், நடுவே ஒரு என்டர் தட்டினாள், சேமித்தாள்.

சின்ன அண்ணி தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி இது? என்னை மட்டும் எதுக்குக் கீழ தள்ளின?"

"நான் தள்ளல அண்ணி. தானா விழுந்துச்சு."

"தானா விழுமா? அக்கா படம் மட்டும் ஏன் விழல?"

"ஒரு என்டர் தட்டிட்டேன், அவ்வளவுதான்..."

"ஓஹோ. என்னைத் தள்ள உனக்கு ஒரு தட்டு போதும்."

உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்த பெரிய அண்ணி கத்தரியை வைத்தாள். "ஆரம்பமே இப்படின்னா கூட்டுக் கடையே வேண்டாம்மா. அவங்கவங்க வேலையை அவங்கவங்க தனியா பாத்துக்கலாம்."

வாலு கணக்குப் போட்டாள். அண்ணிகள் பிரிந்தால் கடை மட்டுமா பிரியும்? அண்ணன்கள் ஆளுக்கொரு வீடு பார்ப்பார்கள். இவள் எந்த வீட்டில் இருப்பாள்?

3

(இங்கே ஒரு சந்தேகம். ஒரு படம் கீழே போனதற்கா குடும்பம் உடையும்? வாலுவை நம்புகிறேன், பெரிய அண்ணியை நம்ப முடியவில்லை. ஆனால் கல்யாணப் போட்டோவில் தன்னைப் பாதி வெட்டிவிட்டார்கள் என்று ஆறேழு வருஷம் பேசாமலிருந்த ஒருவர் எனக்கே உறவு. ஆகவே நம்பிவிட்டேன்.)

வாலு இரண்டு படங்களையும் ஒரே பெட்டிக்குள் போட்டு, பெட்டிக்கு ஃப்ளெக்ஸ் கொடுத்தாள், உள்ளே இருப்பவற்றை ஒரே வரிசையில் நிறுத்தும் கட்டளை அது. ஒரே ஒரு வரிதான்! இரண்டு படமும் சட்டென்று தோளோடு தோள் ஒட்டி நின்றன. என்டர் தட்டிய இடைவெளியை ஃப்ளெக்ஸ் பொருட்படுத்தவே இல்லை. அவள் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். நானும் சுற்றினேன்.

"இப்ப சரி" என்றாள் சின்ன அண்ணி.

"ம், பரவாயில்ல" என்றாள் பெரிய அண்ணி.

இங்கேயே கதையை முடித்திருக்கலாம். கைபேசி என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால்.

4

கைபேசியின் ஒல்லித் திரையில் அக்கம்பக்கமாக வைத்தால் முகம் சுண்டைக்காய் ஆகிவிடும், திரைச்சீலை கைக்குட்டை ஆகிவிடும். அதனால் திரை குறுகினால் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி வாலு எழுதியிருந்தாள். சரியான வேலைதான். ஆனால் மேலே யார்?

பெரிய அண்ணி மேலே வந்தாள். சின்ன அண்ணி தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டாள். வாலு வரிசையைத் தலைகீழாக்கினாள். இப்போது பெரிய அண்ணி அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

முடிவு அ: வாலு அழுகிறாள், இருவரும் மனம் இளகுகிறார்கள். (சீச்சீ.)

முடிவு ஆ: இருவரையும் சேர்த்து நிறுத்தி ஒரே படமாக எடுத்துவிடுகிறாள். (கெட்டிக்கார வாசகர் இதை அப்போதே சொல்லியிருப்பார். வாலுவும் கேட்டுப் பார்த்தாள். "அவங்க வரட்டும், நான் வரேன்" என்றாள் ஒருத்தி. "அவ வரட்டும், நான் வரேன்" என்றாள் இன்னொருத்தி. யாரும் வரவில்லை.)

முடிவு இ: அவள் ஒரு திருட்டு வேலை செய்கிறாள்.

இ-தான். எழுதும்போதே கை துறுதுறுக்கிறது. வாலு அதே பக்கத்தை இன்னொரு பிரதி எடுத்து, வரிசையை மட்டும் மாற்றினாள். பெரிய அண்ணிக்கு ஒரு லிங்க், சின்ன அண்ணிக்கு ஒரு லிங்க். அவரவர் கைபேசியில் அவரவரே மேலே!

"இப்பதான் உனக்கு வேலை தெரிஞ்சிருக்கு" என்றாள் பெரிய அண்ணி, வாயெல்லாம் பல்லாக.

"என் தங்கம்" என்று கன்னத்தைக் கிள்ளினாள் சின்ன அண்ணி.

மெஷின் உறை கழன்றது, நாடா விரிந்தது. வேலை மறுபடி மும்முரமாக நடந்தது.

5

மறுநாள் காலை. பெரிய அண்ணிக்குச் சின்ன அண்ணி மேல் திடீர்ப் பரிதாபம் வந்துவிட்டது. தான் மேலே இருக்கிறோமே, அவளுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லலாம் என்று கைபேசியை வெட்டுமேஜைமேல் வைத்தாள். "நீ கீழ இருந்தாலும் உன் தையல்தான் பளிச்சுனு தெரியுது."

"நான் கீழயா? நீங்கதானக்கா கீழ இருக்கீங்க. நானே சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம்னு இருந்தேன்" என்று சின்ன அண்ணி தன் கைபேசியைப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு திரைகளும் மேஜைமேல் அக்கம்பக்கமாகக் கிடந்தன. இரண்டு தலைகளும் அவற்றின்மேல் குனிந்தன. வாலு கதவருகே அசையாமல் நின்றாள். எனக்கும் மூச்சு நின்றுவிட்டது, ஏனென்றால் அடுத்த வரியை நான் எழுதியாக வேண்டும். கதை என்கிற இந்தக் குறுகலான பக்கத்தில் எல்லாமே ஒன்றன்கீழ் ஒன்றுதான். பெரிய அண்ணி பேசுவதை முதலில் எழுதினால் சின்ன அண்ணி கீழே போவாள். சின்ன அண்ணியை முதலில்—

எழுத வேண்டியே வரவில்லை. இருவரும் நிமிர்ந்தார்கள், வாலுவைப் பார்த்தார்கள், ஒரே மூச்சில் ஒரே வரியைக் கத்தினார்கள்:

"எங்களையாடி ஏமாத்தப் பாக்குற?"

ஒரு தடவைதான் எழுதினேன். வேண்டுமானால் எண்ணிக்கொள்ளுங்கள், ஒரே வரி, அதில் இரண்டு பேர்!

வாலுவுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது, எது முதலில் என்று சொல்ல மாட்டேன். அவள் என்ன பதில் சொன்னால் இந்த இருவரும் இப்படியே சேர்ந்து நிற்பார்கள்? எனக்குத் தெரியாது. அவளை இதில் மாட்டிவிட்டதில் எனக்கு எவ்வளவு பங்கோ, மூன்று முடிவுகளையும் ரசித்துக்கொண்டே வந்த உங்களுக்கும் அவ்வளவு பங்கு. சொல்லிக் கொடுங்கள், சீக்கிரம். இருவரும் ஒன்றாக மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார்கள்.