நூறாவது கோயில்

சவேரியார் கொட்டாய் ஊர்க் கோயிலின் முகப்புச் சுவர் வெளிப்பக்கமாக ஒரு சாண் சாய்ந்திருந்தது. ஊரில் இதை அறியாதவர் யாரும் இல்லை. அறிந்து கவலைப்பட்டவள் அமலோற்பவம் மட்டும்தான்.

கோயிலைக் கூட்டுவது, மணி அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பதினோரு பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருவது எல்லாம் அவள் வேலை. பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தி, ஒருமுறை அண்ணாந்து சுவரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். போன ஐப்பசி மழையில் வட்டச் சன்னலுக்குக் கீழேயிருந்து பானை அளவு காரைக் கட்டி ஒன்று பெயர்ந்து, பூசைக்கு வந்த கிழவி பெரியம்மாள் அரை நிமிஷத்துக்கு முன் நின்றிருந்த இடத்தில் விழுந்தது. பெரியம்மாள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அமலோற்பவம் மறைமாவட்ட அலுவலகத்துக்கு ஏழு தடவை பஸ் ஏறினாள். ஏழாவது தடவை அனுமதி கிடைத்தது. பழைய சுவரைப் பிரித்துவிட்டு, தூண் போட்டுப் புதுச் சுவர். மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். புரட்டாசி முதல் திங்கள் ஆள் வருவதாக ஏற்பாடு.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, கச்சிராயபாளையம் சாலையில் வந்த ஒரு வெள்ளைக் காரின் டயர், கோயிலுக்கு எதிரில் பஞ்சரானது.

காரில் இருந்தவர் முனைவர் இளமாறன். இந்தியாவின் தொன்மையான நூறு தேவாலயங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பெரிய என்றால் எடையில். கோவா முதல் கொச்சி வரை, கொல்கத்தா முதல் கடற்கரையோரத்துக் குக்கிராமம் வரை ஒரு கோயில் விடாமல் அதன் முன் நின்று, மார்பில் கைகட்டி, வானத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படங்களின் பின்னால் கோயில்களும் ஓரளவு தெரிந்தன. தொண்ணூற்றொன்பது முடிந்துவிட்டது. நூறாவது கோயிலின் பங்குத்தந்தை, பூசை நேரத்தில் ட்ரோன் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார். முனைவர் கோபித்துக்கொண்டு அந்தக் கோயிலை வரலாற்றிலிருந்தே நீக்கிவிட்டார். ஆனால் வெளியீட்டு விழாவுக்குச் சென்னையில் அரங்கம் பிடித்தாகிவிட்டது. அழைப்பிதழில் நூறு என்று அச்சாகிவிட்டது. ஆக, வரலாற்றில் ஒரு கோயில் குறைந்தது.

டிரைவர் ஸ்டெப்னி மாட்டிய இருபது நிமிஷத்தில், முனைவர் இருநூற்றைம்பது வருஷத்தைக் கண்டுபிடித்தார்.

"யாருங்க இங்க பொறுப்பு?" என்று கேட்டார்.

பொறுப்பைத் தவிர மற்ற எல்லாம் உள்ள சந்தியாகு முன்னால் வந்தார். பங்குப் பேரவைத் தலைவர். பத்து ஏக்கர் கரும்பு, கஞ்சி போட்ட சட்டை, எந்தப் படத்திலும் நடுவில் நிற்கும் திறமை.

"இது கோதிக் பாணி" என்றார் முனைவர். "பிரெஞ்சு மிஷனரிகள் கைவண்ணம். பாண்டிச்சேரியிலேர்ந்து மலைக்குப் போற வழியில கட்டியிருக்காங்க. அதோ பாருங்க, சுவரைத் தாங்குற பறக்கும் தாங்கணை!"

அவர் காட்டியது, சுவர் சாய ஆரம்பித்தபோது ஊர்க்காரர்கள் முட்டுக் கொடுத்து வைத்த செங்கல் திண்டு. அது பறக்கவில்லை. அதுவும் சாய்ந்துதான் இருந்தது.

சர்புதீன் பாயின் பழைய இரும்புக் கடையில் வாங்கி, மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைச் சுண்டிப் பார்த்து, "கப்பல் இரும்பு" என்றார். பிறகு நிமிர்ந்து, வாசலுக்கு மேலிருந்த வட்டச் சன்னலைக் கண்டதும் மூச்சு விடவில்லை.

"ரோஜா சாளரம்! பன்னிரண்டு இதழ். பன்னிரண்டு சீடர்கள். மரத்துல! இந்தியாவுலயே ஒண்ணுதான்!"

விளக்குமாறோடு நின்ற அமலோற்பவம், "அது வண்டிச் சக்கரம் சார்" என்றாள்.

முனைவர் கனிவோடு திரும்பினார். குழந்தைகளையும் ஏழைகளையும் பார்ப்பதற்கென்று அவர் தனியாக ஒரு முகம் வைத்திருந்தார். "ஐரோப்பாவுலயும் இதுக்கு சக்கரச் சாளரம்னு ஒரு பேரு உண்டும்மா. அந்த ஞாபகம் உங்ககிட்ட இன்னும் தங்கியிருக்கு பாருங்க. அற்புதம்!"

"இல்ல சார், மாட்டு வண்டிச் சக்கரம்."

"ஏய் அமலு, கம்முனு இரு" என்றார் சந்தியாகு. "படிச்சவங்க பேசிக்கினு இருக்காங்க."

புறப்படும்போது முனைவர் தீர்ப்புச் சொன்னார். அடுத்த ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறு அட்டைப்படம் எடுக்க வருவார். அதற்கு முன்னும் பின்னும் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடக் கூடாது. புத்தகத்தில் 'மரபுக் காவலர்' என்ற தலைப்பில் தலைவரின் படம் வரும்.

கார் கிளம்பிய தூசி அடங்குவதற்குள் சந்தியாகு போனை எடுத்துத் திங்கட்கிழமை ஆட்களை வரவேண்டாம் என்றார்.

"மாமா, மழ வருது" என்றாள் அமலோற்பவம்.

"வரட்டும். எரநூறு வருஷமா வராத மழையா?"

"எரநூறு வருஷமா? நீங்க கல்யாணம் கட்டினப்போ இங்க கூரைக் கோயிலுதான இருந்திச்சு?"

சந்தியாகு ஏற்கனவே வரலாற்றுக்குள் போய்விட்டிருந்தார்.

அவள் சும்மா இருக்கவில்லை. கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினாள். சாமைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்த வெள்ளையனைப் பிடித்தாள். அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார் அவர். அந்த ஞாயிறு கீழே இறங்கி வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாள்.

"அந்தச் செவுரு இன்னும் நிக்குதா?" என்று கேட்டார் வெள்ளையன். பெருமையாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார்.

அந்த ஞாயிறு வந்தது. மலைக்கு மேல் மேகம் கறுத்திருந்தது. முனைவர் ட்ரோனோடும் மைக்கோடும் வந்தார். பந்தல், நாற்காலி, பாட்டில் தண்ணீர், சால்வை எல்லாம் சந்தியாகு செலவு. பிள்ளைகள் பதினோரு பேரும் பூங்கொத்தோடு சுவருக்கு நேர் கீழே நிறுத்தப்பட்டிருந்தார்கள். படத்துக்கு அந்த இடம்தான் நன்றாக இருக்கும் என்று முனைவர் சொல்லியிருந்தார். அமலோற்பவம் மூன்று தடவை அவர்களைத் தள்ளி நிறுத்தினாள். மூன்று தடவையும் சந்தியாகு பழைய இடத்துக்கே இழுத்து வந்தார்.

முனைவர் பேசத் தொடங்கிப் பிரான்ஸைத் தாண்டாத நேரத்தில், அவள் வெள்ளையனை முன்னால் தள்ளினாள்.

"சார், இவருதான் இத கட்டினவரு. கேட்டுக்கங்க."

"நான்தாங்க கட்டினேன்" என்றார் வெள்ளையன். "சரியா கட்டலைங்க. சிமெண்டு கம்மி, மண்ணு ஜாஸ்தி. அதுக்கு முன்னாடி நான் கட்டினதெல்லாம் ஆட்டுப்பட்டிங்க. செவுரு இத்தினி ஒசரம் போவும்னு எனக்கே தெரியாது."

முனைவரின் கண் கலங்கியது. "என்ன அடக்கம்! அந்தக் காலத்துச் சிற்பிகள் எல்லாம் இப்படித்தான். தன் பேரைச் சொல்லவே மாட்டாங்க."

"சொல்றேனேங்க. வெள்ளையன்."

"எப்பக் கட்டினீங்க, ஐயா?"

"எம்பத்தி மூணுலங்க."

"ஆயிரத்து எழுநூற்று எண்பத்தி மூணு!" முனைவர் மைக்கில் அறிவித்தார். "நான் கணிச்சதும் அதேதான். இவங்க குடும்பத்துல தலைமுறை தலைமுறையா அந்த வருஷத்தை மனப்பாடமா வெச்சிருக்காங்க!"

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாதவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வெள்ளையன் அமலோற்பவத்தைப் பார்த்து, "இவருக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு கடைசி முயற்சியாக, "அந்தச் சக்கரம் தலைவரோட அப்பாரு வண்டிதுங்க. மாடு செத்துப்போச்சுன்னு வண்டிய பிரிச்சாரு. ஒண்ண கோயிலுக்குக் குடுத்தாரு. தலைவருதான் உருட்டிக்கினு வந்தாரு" என்றார்.

எல்லோரும் சந்தியாகுவைப் பார்த்தார்கள். சந்தியாகு ட்ரோனைப் பார்த்தார்.

"எனுக்கு ஞாபகம் இல்ல சார். நான் அப்போ சின்னப் புள்ள."

எண்பத்து மூன்றில் அவருக்கு மீசை இருந்தது, மனைவி இருந்தாள், கைக்குழந்தையும் இருந்தது.

அமலோற்பவம் அதற்கு மேல் நிற்கவில்லை. பிள்ளைகளின் பூங்கொத்துகளைப் பிடுங்கி நாற்காலியில் போட்டு, "எல்லாரும் புளியமரத்தடிக்கு ஓடுங்க" என்று விரட்டிவிட்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.

முனைவர் பேச்சைத் தொடர்ந்தார். பாரிஸை நெருங்கும்போது தெருவில் கடகடவென்று சத்தம் கேட்டது. முதலில் ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் வந்தது. அதை உருட்டிக்கொண்டு அமலோற்பவம் வந்தாள். அவளுக்குப் பின்னால் பதினைந்து ஆடுகள். ஆடுகளுக்குப் பின்னால் தலைவிரிகோலமாகச் சந்தியாகுவின் மனைவி.

"அடியே அமலு! எங்க வூட்டு ஆட்டுப்பட்டிக் கதவ எங்கடி உருட்டிக்கினு போற! உன் கையில கட்ட மொளைக்க! எங்க மாமனாரு வண்டி சக்கரம்டி அது! ஒண்ணத்தான் கோயிலுக்குத் தூக்கிக் குடுத்தாரு அந்த மனுசன், இன்னொண்ணும் வோணுமாடி ஒங்களுக்கு?"

சாட்சி தானாகவே வந்து கத்திக்கொண்டிருந்தது.

அமலோற்பவம் சக்கரத்தைக் கோயில் படியில் சாய்த்தாள். மூச்சு வாங்கியது. "எண்ணிக்கங்க சார். பன்னெண்டு ஆரக்கால். மேலயும் பன்னெண்டு. அதே விளிம்பு வட்ட, அதே நடுக் குடம், அதே இரும்புப் பட்டா. ஜோடி சார். வண்டிக்கு ரெண்டு சக்கரம்."

முனைவர் மேடையிலிருந்து இறங்கினார். சக்கரத்தைச் சுற்றி வந்தார். குனிந்து ஆட்டுப் புழுக்கையை நகத்தால் சுரண்டினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். முகம் வெளிறியது. ஒரு மனிதன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் தவறு செய்திருக்கலாம் என்று நினைக்கும் அபூர்வக் காட்சியை ஊர் மூச்சடக்கிப் பார்த்தது.

அது ஐந்து விநாடி நீடித்தது.

"இரண்டாவது சாளரம்!" என்று கூவினார் முனைவர். "அப்ப இது இரட்டைக் கோபுரக் கோயில்! ஒரு கோபுரம் அழிஞ்சிருக்கு. அதோட சாளரத்தைப் பாமர மக்கள் இத்தனை காலம் ஆட்டுப்பட்டியில மறைச்சுக் காப்பாத்தியிருக்காங்க!"

சந்தியாகுவுக்கு உயிர் வந்தது. "ஆமா சார்" என்றார். "எங்க குடும்பம்தான்."

வெள்ளையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் அஞ்சு மணி பஸ்ஸ பிடிக்கிறேம்மா" என்றார்.

அமலோற்பவம் படியில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய மழைத்துளி ஒன்று அவள் கையில் விழுந்தது. முனைவர் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். சென்னை விழா மேடையில் இரண்டு பக்கமும் இரண்டு சாளரங்கள் நின்றால் எப்படி இருக்கும் என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஜோடியா இருந்தாத்தான்யா அழகு. ஒண்ணு இருந்தா வெறும் சக்கரம் மாதிரி இருக்கும்."

அவள் எழுந்தாள்.

"ஜோடியாவே எடுத்துக்கினு போங்க சார்" என்றாள்.

"மேல இருக்கிறதையுமா? அது சுவர்ல பதிஞ்சிருக்கேம்மா."

"அதான் சார். பேத்தா ஒடஞ்சிடும். செவுர மேலேர்ந்து ஒவ்வொரு கல்லா பிரிச்சாத்தான் பத்திரமா வரும். இதோ, கட்டினவரே இருக்காரு. அவருக்குத்தான் அதோட நெளிவு சுளிவு தெரியும்."

கிளம்பிய வெள்ளையன் நின்றார்.

முனைவர் சுவரைப் பார்த்தார். மேடையில் சக்கரங்களுக்கு நடுவே நிற்கப்போகும் தன்னைப் பார்த்தார். இரண்டில் எது தொன்மையானது என்று முடிவு செய்ய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"பிரிங்க" என்றார். "ஆனா சாளரத்துக்கு ஒரு கீறல் விழக் கூடாது."

"சுவருக்கு?" என்று சந்தியாகு குழப்பத்தோடு கேட்டார். "ஒரு செங்கல்ல கூட தொடக்கூடாதுன்னீங்களே சார்?"

"சுவர் பிற்காலத்துது" என்றார் முனைவர். "இடைச்செருகல்."

மறுநாள் காலை வெள்ளையன் கடப்பாரையோடு உள்பக்கச் சாரத்தில் ஏறினார். ஒவ்வொரு கல்லாகப் பிரிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. சக்கரத்தைக் கயிறு கட்டி இறக்கியதும், இரண்டாவது குத்திலேயே சுவர் மொத்தமும் முட்டுத் திண்டையும் சேர்த்துக்கொண்டு தெருப்பக்கம் உட்கார்ந்தது. நேற்று பூங்கொத்தோடு பிள்ளைகளை நிறுத்தியிருந்த இடத்தில் இடுப்பளவுக்குச் செங்கல் கிடந்தது. வெள்ளையன் அதைப் பார்த்து, "நான் சொன்னா யாரு கேக்கறாங்க" என்றார். சந்தியாகு அந்தப் பக்கமே பார்க்காமல் வீட்டுக்குப் போனார். பட்டிக்குக் கதவில்லாததால் பதினைந்து ஆடுகளும் அவருடைய கரும்பில் இருந்தன.

புத்தகம் வெளியானது. அட்டையில் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே முனைவர் மார்பில் கைகட்டி நிற்கிறார். நூற்றெட்டாம் பக்கத்தில் சந்தியாகு, சால்வையோடு. அதைப் படித்துவிட்டு மாதம் இரண்டு கார் வருகிறது. ரோஜா சாளரம் எங்கே என்று கேட்கிறார்கள். சென்னைக்குப் போயிருக்கிறது என்று அமலோற்பவம் சொல்கிறாள். அப்படியானால் ஒரு கோபுரமாவது எங்கே என்று கேட்கிறார்கள். அதற்கு அவள் தலைவர் வீட்டைக் கைகாட்டிவிடுகிறாள்.

இதற்கெல்லாம் முன்பே, அந்த வருஷ ஐப்பசி இரண்டாம் ஞாயிறு மழை கொட்டியது. புதுச் சுவருக்கு இன்னும் பூச்சு வேலை முடியவில்லை. நான்கு தூண், ஒரு கான்கிரீட் பீம், கம்பி போட்ட ஒரு சாதாரண சதுரச் சன்னல். எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிகூடக் கிடைக்காத சுவர். பதினோரு பிள்ளைகளும் நனைந்தபடி ஓடிவந்து வாசலில் முண்டியடித்தார்கள்.

"இன்னாத்துக்குடா நிக்கிறீங்க, உள்ள போங்க" என்றாள் அமலோற்பவம். அண்ணாந்து பார்க்கவில்லை.